பெர்மிற் காணி, புறொக்சி, தவறவிட்ட தவணை: வன்னியில் சட்டத்தரணிகளோடு பட்டவை

முள்ளியவளையிலிருந்து:
பெர்மிற் காணி, அதாவது அரசு அனுமதிப்பத்திரத்தில் கொடுத்த காணி, வாங்கப்போய்த் தப்பிய கதை என்னுடையது. ஒட்டுசுட்டான் பக்கம், குளத்துக்குக் கீழே நல்ல வயற்காணி. விற்பவர் வெளிநாடு போகும் அவசரத்தில் இருந்தார். "அற்றோணி ஒன்றை எழுதி வையுங்கள், எல்லோரும் அப்படித்தானே செய்கிறார்கள்" என்றார் தரகர். அற்றோணி என்றால், தன் சார்பில் செயற்பட இன்னொருவருக்கு அதிகாரம் கொடுக்கும் பத்திரம். அவர் கூட்டிப்போன சட்டத்தரணியும் மறுப்புச் சொல்லவில்லை. கட்டணத்தை மட்டும் சொன்னார்.

மனம் ஒப்பவில்லை. மாமா சொன்ன வேறொரு சட்டத்தரணியிடம் போனேன். அவர் பெர்மிற்றை விரித்து, நிபந்தனைகளில் விரலை வைத்து, "தம்பி, இதை வாசித்தீர்களா?" என்று கேட்டார். வாசிக்கவில்லை, யார்தான் வாசிக்கிறார்கள்? 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கொடுத்த காணி அது. பிரதேச செயலாளரின் அனுமதி இல்லாமல் கைமாற்ற முடியாது. அற்றோணி கொடுத்தவர் கண்ணை மூடினால் அற்றோணியும் முடிந்துவிடும். "எழுதித் தந்து காசு வாங்க எனக்கும் தெரியும். நாளைக்கு அவருடைய பிள்ளைகள் வந்து நின்றால் இந்தத் தாளை வைத்து என்ன செய்வீர்கள்?" என்றார். ஆலோசனைக்குக் கட்டணம் வாங்கினார், கேளாமலே பற்றுச்சீட்டும் தந்தார். முதலாமவர் பொய் சொன்னார் என்று நான் சொல்லமாட்டேன். வாயைத் திறக்கவில்லை, அவ்வளவுதான். ஆனால் அதற்கும் சேர்த்துத்தானே கட்டணம்?

வவுனியாவிலிருந்து:
உங்களுக்காவது இரண்டாமவர் கிடைத்தார். 1990இல் விட்டுவிட்டு ஓடிய எங்கள் உறுதிக் காணியில் வேறொருவர் குடியிருந்தார். காணியைப் பத்து வருடம் தன் கையில் வைத்திருந்த ஆட்சியைக் காட்டி உரிமை கோரினார். போரினால் வழக்குப் போட முடியாமல் போனவர்களுக்காகவே 2016இல் 5ஆம் இலக்கச் சட்டம் வந்தது. 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தை ஆட்சிக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்பது அதன் சாரம். சட்டம் வந்து இரண்டு வருடத்துக்குள் வழக்கைப் போட்டாக வேண்டியிருந்தது. எங்கள் சட்டத்தரணியிடம் எல்லா ஆவணமும் இருந்தது. போகும்போதெல்லாம் "பார்க்கலாம், அவசரமில்லை" என்பார். இரண்டு வருடமும் போய்விட்டது. அப்படி ஒரு சட்டம் இருந்ததை அதன் பிறகு பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவர் சொல்லித்தான் அப்பா அறிந்தார்.

கிளிநொச்சியிலிருந்து:
சட்டத்தரணியை மாற்ற நினைப்பவர்களுக்கு ஒன்று. சிவில் வழக்கில் புறொக்சியில், அதாவது நமக்காகத் தோன்றச் சட்டத்தரணியை நியமிக்கும் பத்திரத்தில், ஒப்பமிட்டுவிட்டால் நீதிமன்றத்தின் அனுமதியோடுதான் அதை இரத்துச் செய்யலாம். கோபத்தில் புதியவரைக் கூட்டிக்கொண்டு மன்றுக்குப் போய் நானும் அண்ணனும் வெறுங்கையோடு திரும்பினோம். வசதி இல்லாதவர்கள் முதலில் சட்ட உதவி ஆணைக்குழுவில் கேட்டுப் பாருங்கள்.

மாங்குளத்திலிருந்து:
எல்லோரையும் ஒரே தராசில் போடாதீர்கள். எல்லை வேலிப் பிரச்சினைக்காக அக்காவோடு போனேன். அக்கா பக்கத்து வளவுக்காரரின் பெயரைச் சொன்னதும் சட்டத்தரணி கையை உயர்த்தி, "அம்மா, இதற்குமேல் ஒன்றும் சொல்லாதீர்கள். அவர் ஏற்கெனவே என்னிடம் வந்துவிட்டார்" என்று எழுந்துவிட்டார். அக்காவுக்கு முகம் சுருங்கிவிட்டது. எனக்கு அந்த மனிதர் மேல் மதிப்புத்தான் வந்தது. எங்கள் கதையையும் கேட்டு வைத்திருந்தால் அவருக்கு எவ்வளவு வசதி!

வவுனியாக்காரரே, முறைப்பாடு செய்யவில்லையா? தொழில் முறைகேட்டுக்குச் சட்டத்தரணியை இடைநிறுத்தவும் பெயரை நீக்கவும் 1978ஆம் ஆண்டின் நீதித்துறைச் சட்டத்தில் உயர் நீதிமன்றத்துக்கு அதிகாரம் இருக்கிறது. முறைப்பாட்டைச் சத்தியக்கடதாசியோடு அனுப்ப வேண்டும்.

வவுனியாவிலிருந்து:
தெரியும். கடதாசி எழுதி வைத்தாயிற்று, அப்பாதான் ஒப்பமிட மறுக்கிறார். தங்கையின் விவாகரத்து வழக்கிலும் அதே சட்டத்தரணிதான். அடுத்த தவணை ஆவணியில்.