நாடக வாசிப்புக்குப் போன அனுபவம் உண்டா?

குன்னூர்வாசி:
போன மழைக்காலத்தில் இங்கே ஒரு அமெச்சூர் குழுவினர் குட்டி நகைச்சுவை நாடகங்களை வாசித்தார்கள். மேக்கப், செட் கிடையாது; நாற்காலி போட்டு, தாளைப் பார்த்து வாசிப்பதுதான். தகரக் கூரையில் மழை கொட்டியதில் முதல் நாடகத்தின் பாதி ஜோக் காதில் விழவே இல்லை. இரண்டாவதில் ஒரு பெரியவருக்கு மாமனார் வேடம். மருமகன் கடன் கேட்கிற கட்டம். குரங்குக் குல்லாயைக்கூடக் கழற்றாமல், "கோபமாக எழுந்து, மீண்டும் உட்கார்கிறார்!" என்று அடைப்புக்குறிக்குள் இருந்ததை மாமனார் குரலிலேயே உறுமினார். ஆள் அசையவில்லை. மருமகனாக வாசித்தவர் தாளால் முகத்தை மூடிக்கொண்டார். பெரியவர் சிரிப்பு அடங்கும்வரை இருந்து, மூக்குக்கண்ணாடிக்கு மேலாக எங்களை ஒரு பார்வை பார்த்துவிட்டு அடுத்த வசனத்துக்குப் போனார். தெரிந்து செய்தாரா, தெரியாமலா? இன்னும் மண்டையைக் குடைகிறது.

கோத்தகிரி டீ பிரியன்:
இதில் என்ன சந்தேகம்? வேண்டுமென்றேதான். தெரியாமல் வாசித்தவர் திருதிருவென்று விழித்திருப்பார். எங்கள் ஊரில் வாசிப்பு முடிந்து கதவைத் திறந்தால், படிக்கட்டுக்குக் கீழே காட்டுமாடு நிதானமாகப் புல் மேய்கிறது. யார் போவது? எல்லாரும் திரும்ப உட்கார, கடைசி நாடகத்தையே மறுபடி வாசித்தார்கள். முதல் தடவை இறுக்கமாக வாசித்த பெண் இந்தத் தடவை பின்னி எடுத்துவிட்டார். காட்டுமாடு போன பிறகும் யாரும் எழுந்திருக்கவில்லை.

கொடைக்கானல்காரி:
எப்படி இவ்வளவு அடித்துச் சொல்கிறீர்கள்? குளிரில் தாளைப் பிடித்து வாசித்துப் பார்த்தால்தான் தெரியும். என்னோடு வாசித்தவர் கம்பளிக் கையுறையோடு இரண்டு பக்கத்தைச் சேர்த்துப் புரட்டிவிட்டார். பெண் பார்க்க வந்தவர்கள் பஜ்ஜிகூடத் தொடாமல் நேராக வளைகாப்புக்குப் போய்விட்டார்கள். முன்வரிசைப் பாட்டி, "கல்யாணம் எப்போடி ஆச்சு?" என்றார் சத்தமாக. அன்றைக்குக் கைதட்டல் முழுக்க அவருக்குத்தான். உங்கள் பெரியவர் விஷயத்தில், மேடைக் குறிப்பு வாசிக்க ஆள் இல்லையோ என்னவோ.

குன்னூர்வாசி:
ஆள் இருந்தாரே! பெரியவருக்குப் பக்கத்து நாற்காலியில்தான். அவர் வாயைத் திறப்பதற்குள் பெரியவர் முந்திக்கொண்டார்.

ஊட்டி ரிட்டயர்டு:
கதையெல்லாம் சரி, இனி வாசிக்கப் போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். மேடைக் குறிப்பு வாசிக்கத் தனி ஆள் போடுங்கள், பிரச்சினையே வராது. தாளின் ஒரு பக்கம் மட்டும் பிரிண்ட் எடுங்கள், பக்க எண் கட்டாயம். எழுத்து பெரிதாக இருக்கட்டும். கரண்ட் போனால் செல்போன் வெளிச்சத்தில் வாசிக்க வேண்டியிருக்கும். ஊட்டியில் ஜூன் முதல் மழை. குன்னூர், கோத்தகிரி பக்கம் அக்டோபர், நவம்பரில்தான் கொட்டித் தீர்க்கும். அப்போது தகரக் கூரை ஹாலைப் பிடிக்காதீர்கள். என்ன நாடகம் என்று அலைய வேண்டாம், பம்மல் சம்பந்த முதலியாரின் 'சபாபதி' இருக்கிறது. எஜமானுக்கும் வேலைக்காரனுக்கும் ஒரே பெயர். வேலைக்காரன் சொன்னதைச் சொன்னபடியே செய்து உயிரை எடுப்பான். வாசிக்க அருமையானது. முதலியார் 1891இல் சென்னையில் சுகுண விலாச சபா என்ற அமெச்சூர் நாடகக் குழுவைத் தொடங்கியவர். வக்கீலாக இருந்துகொண்டே நாடகம் போட்டவர், நம்ம ஆள். 1964இல் காலமானார். நம் சட்டப்படி பதிப்புரிமை ஆசிரியர் இறந்து 60 ஆண்டு வரைதான் என்பதால், இப்போது யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.

என் அனுபவமா? ஒரு தடவை போனேன். திருடன் அலமாரிக்குள், போலீஸ்காரர் அதன்மேல் சாய்ந்து காபி குடிக்கிறார், கடைசி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. திருடன் என்ன ஆனான் என்று யாராவது சொன்னால் நல்லது.