மறு: ‘பிரிசம்ப்டிவ் டெஸ்ட்’டுக்கு என்ன சொல்?

அனைவருக்கும் வணக்கம். நம் தடயவியல் கலைச்சொல் பட்டியலுக்கு ‘பிரிசம்ப்டிவ் டெஸ்ட்’, அதாவது ஒரு கறை இரத்தம் போன்ற பொருளாக இருக்கலாம் என்று மட்டும் காட்டும் சோதனை, அதற்கான தமிழ்ச்சொல் பற்றிய கேள்விக்கு என் பதில் இது.

> ‘ஊகச் சோதனை’ போதாதா? எளிதாகத்தானே இருக்கிறது.

எளிதுதான் ஐயா. ஆனால் தடயவியல் அறிக்கையில் அந்தச் சொல் ஏறினால், குறுக்கு விசாரணையில் ‘வெறும் ஊகம்தானே’ என்று ஒரே வரியில் தள்ளிவிடுவார்கள். ஆய்வாளர் எதையும் ஊகிப்பதில்லை. வேதிவினை நடக்கிறது, நிறம் வருகிறது. அந்த நிறம் எதனால் வந்தது என்பதில்தான் ஐயம்.

‘அனுமானம்’ எதிர்ப்பக்கம் சாய்கிறது. அளவை (தர்க்க) நூல்களில் புகையைக் கண்டு நெருப்பை அறிவதுதான் அனுமானம், தமிழில் ‘கருதல்’. நெருப்பில்லாமல் புகையாது என்ற உறுதிதான் அதற்கு அடித்தளம். நம் சோதனைக்கு அந்த உறுதி கிடையாது.

இரத்தக் கறையைத் தேடும் காசில்–மேயர் சோதனையையே பாருங்கள். கறையைப் பஞ்சுக்குச்சியில் ஒற்றி, ஒரு துளி ஆல்கஹால் விடுகிறோம். அடுத்து, துத்தநாகத்தால் ஒடுக்கி நிறம் போக்கிய பினாப்தலீன் கரைசல். கடைசியில் ஹைட்ரஜன் பெராக்சைடு. இரத்தம் இருந்தால் அதன் சிவப்பு நிறமியிலுள்ள ஹீம் என்ற இரும்புச் சேர்மம் வினையை முடுக்கிவிட, சில நொடிகளில் பஞ்சு இளஞ்சிவப்பாகும். ஆனால் குதிரைமுள்ளங்கி போன்ற செடிகளின் பெராக்சிடேஸ் நொதியும் அதே நிறத்தைத் தரக்கூடும். பெராக்சைடு விடுமுன்பே சிவந்தால் வேறேதோ ஆக்சிஜனேற்றி கலந்திருக்கிறது என்று பொருள். நேரம் கழித்துப் பார்த்தால் காற்றே சிவக்க வைத்துவிடும். நாயின் இரத்தமும் சிவக்கும். சிவக்கவே இல்லையென்றால், இந்தச் சோதனைக்கு எட்டும் அளவில் இரத்தம் இல்லை எனலாம். ‘இல்லை’ என்பதற்கு இருக்கும் எடை ‘உண்டு’ என்பதற்கு இல்லை. சொல்லில் இது தெரிய வேண்டும்.

> ‘சுட்டுச் சோதனை’?

துப்பாக்கி வழக்கு அறிக்கையில் இதைப் போட்டுப் பாருங்கள், யாரைச் சுட்டுச் சோதித்தார்கள் என்று கேட்பார்கள்! ‘முதற்கட்டச் சோதனை’ வரிசையை மட்டுமே சொல்கிறது. ‘காட்டி’, ‘நிறங்காட்டி’ இரண்டும் வேண்டாம். பள்ளி வேதியியலில் பினாப்தலீனுக்கே அந்தப் பெயர்தான்.

என் பரிந்துரை: அறிகுறிச் சோதனை. காய்ச்சல் பல நோய்களுக்கு அறிகுறி. காய்ச்சலை வைத்து மட்டும் நோயின் பெயரை யாரும் எழுதுவதில்லை. அந்த எச்சரிக்கை இந்தச் சொல்லிலேயே இருக்கிறது. இணையாக, ‘கன்ஃபர்மேட்டரி டெஸ்ட்’டுக்கு ‘உறுதிசெய் சோதனை’. ‘உறுதிச் சோதனை’ என்றால் கம்பி, கான்கிரீட்டின் உறுதியைப் பார்ப்பதாகிவிடும்.

---

> அறிகுறிச் சோதனை

எனக்கும் சம்மதம், அண்ணா. மற்ற உடல் திரவங்களுக்கும் பொருந்துகிறது. விந்துக்கு ஆசிட் பாஸ்பட்டேஸ் என்ற நொதியைப் பார்ப்பது அறிகுறிச் சோதனை. அந்த நொதி யோனித் திரவத்திலும் கொஞ்சம் உண்டு. நுண்ணோக்கியில் விந்தணுவையே காண்பது உறுதிசெய் சோதனை. உமிழ்நீருக்கு அமைலேஸ் நொதியைப் பார்ப்பதும் அறிகுறிதான்.

ஒன்று மட்டும். ‘உறுதிசெய்’ என்றதும் எல்லாமே உறுதியாகிவிட்டதாகப் படிப்பவர் நினைத்துக்கொள்வார். தகயாமா சோதனையில் இரத்தத்தின் ஹீமிலிருந்து உருவாகும் படிகங்கள் நுண்ணோக்கியில் தெரிந்தால் இரத்தம் என்பது மட்டும்தான் உறுதி. அது மனித இரத்தமா என்பதற்கு எதிர்ப்பொருள் சோதனை வேண்டும். 1901இல் உஹ்லன்ஹூத் வகுத்த வீழ்படிவு முறையிலிருந்து வருகிறது அந்த வழி. யாருடையது என்பதற்கு டிஎன்ஏ. ஆகவே பதிவில் ‘இரத்தம் என உறுதிசெய் சோதனை’, ‘மனித இனம் என உறுதிசெய் சோதனை’ என்று எதை உறுதிசெய்கிறது என்பதையும் சேர்த்தே போடுவோம்.

இரத்தம் பட்ட இடத்தில் தெளித்தால் இருட்டில் ஒளிரும் லூமினால் எதில் சேரும்?

---

அதுவும் அறிகுறிச் சோதனையே. பிளீச்சிங் பவுடர் போன்ற வெளுப்பான் பட்ட தரையும் செம்பும்கூட நீலமாய் ஒளிரும். கழுவித் துடைத்த இடத்தில் எங்கே ஒற்றியெடுப்பது என்று தேட அது உதவும். தங்கள் திருத்தத்தோடு இரண்டு சொற்களையும் பட்டியலில் ஏற்றிவிடுகிறேன். மறுப்பிருந்தால் இந்த இழையிலேயே எழுதுங்கள்.