மறு: ‘டயக்னாஸ்டிக் ஃபைல்’ – தடயக்கட்டு எனலாமா?

வணக்கம். கணினிப் பழுதை ஆராய உதவிக்குழுவுக்கு அனுப்பும் ‘டயக்னாஸ்டிக் ஃபைல்’, அதையொட்டிய சொற்கள் ஆகியவற்றின் தமிழாக்கம் பற்றி நம் குழுவில் நடக்கும் பேச்சுக்கு என் பதில் இது.

> ‘கண்டறியும் கோப்பு’ என்றே வைத்துவிடலாமே. எளிமை, எல்லாருக்கும் புரியும்.

புரியும், ஆனால் வேறொன்றாகப் புரியும் என்பதுதான் என் தயக்கம். இங்கே கண்டறிவது யார்? கோப்பு இல்லை, அதைத் திறந்து வரிவரியாகப் பார்க்கும் ஆள். பெயரெச்சம் கருவியையும் கொள்ளும், ‘வெட்டும் கத்தி’ என்பதில்லையா என்று நன்னூலைக் காட்டி யாராவது மடக்கலாம். சரிதான். ஆனால் இந்தக் கோப்பு கருவிகூட இல்லை, ஆராயப்படும் பொருள். பொத்தானில் ‘கண்டறியும் கோப்பை அனுப்புக’ என்றிருந்தால், பழுதைத் தேடிப் பிடிக்கும் ஏதோ நிரலை அனுப்பச் சொல்கிறார்கள் என்றுதான் பயனர் எடுத்துக்கொள்வார்.

இன்னொன்று, இது பெரும்பாலும் ஒற்றைக் கோப்பும் இல்லை. ரெட்ஹாட் லினக்ஸில் ‘சோஸ் ரிப்போர்ட்’ கட்டளையை ஓட்டிப் பாருங்கள். முதலில் புகார் எண் கேட்கும். பிறகு அமைப்புக் கோப்புகள், பதிகைகள் (லாக்), நிறுவிய பொதிகளின் (பேக்கேஜ்) பட்டியல், வலையமைப்பு விவரம், வட்டுகளின் நிலை என்று ஒவ்வொன்றாக வாரிச் சேர்த்து, எல்லாவற்றையும் ‘டார்’ கோப்பாகச் சுருக்கித் தற்காலிக அடைவில் (ஃபோல்டர்) வைக்கும். கடைசியில் கோப்பின் அளவையும், கோப்பு சிதையாமல் போய்ச் சேர்ந்ததா என்று பார்க்க உதவும் சரிபார்ப்புத் தொகையையும் காட்டி, இதை உங்கள் உதவிக்குழுவுக்கு அனுப்புங்கள் என்று ஒரு வரி வரும். சிஸ்கோ கருவிகளில் ‘ஷோ டெக்’, விஎம்வேரில் ‘விஎம் சப்போர்ட்’ என்று பெயர்கள் மாறினாலும் வேலை ஒன்றுதான். இத்தனையும் சேர்ந்ததற்குக் ‘கோப்பு’ போதாது, ‘கட்டு’ வேண்டும். நம் நீதிமன்றங்களில் ‘வழக்குக் கட்டு’ இன்றும் புழக்கத்தில் உள்ள சொல். மனு, சாட்சியம், ஆவணம் எல்லாம் ஒரே கயிற்றில் இருப்பது. ஆகவே என் பரிந்துரை: தடயக்கட்டு.

> தடயம் என்றாலே போலீஸ் வாடை அடிக்கிறதே?

அடிக்கட்டும். நிரல் செத்துக் கிடக்கிறது, எப்படிச் செத்தது என்று விட்டுச்சென்ற தடங்களை வைத்து ஒருவர் துப்புத் துலக்குகிறார். வாடை பொருத்தமானதுதான். ‘பழுதுக்கட்டு’ என்று மற்றொரு நண்பர் சொன்னது குட்டையாக இருக்கிறது, ஆனால் கட்டே பழுதாகிவிட்டது போல ஒலிக்கிறது. அனுப்பும் வழியில் கட்டு உண்மையிலேயே பழுதாவதும் உண்டு. அதற்குக் கீழே வருகிறேன்.

‘கோர் டம்ப்’ பற்றி: ‘கருக்கொட்டல்’ வேண்டவே வேண்டாம். இங்கே ‘கோர்’ என்பது கருவோ மையமோ அல்ல. கம்பிகளில் கோத்த சின்னஞ்சிறு காந்த வளையங்களால் ஆன அந்தக்கால நினைவகத்தின் பெயர். வளையங்கள் போய்விட்டன, பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. நிரல் விழுந்த கணத்தில் நினைவகத்தில் என்ன இருந்ததோ அதன் நகல் இது. ‘நினைவகப்படி’ என்றால் போதும். தடயக்கட்டுக்குள் இருக்கும் பொருள்களில் இதுவும் ஒன்று.

இனி அனுப்பும் பக்கம். கணினிகளுக்கிடையே கோப்பு அனுப்பும் நெறிமுறையான எஃப்டிபியின் முதல் வரைவு 1971 ஏப்ரலில் வந்தது. எம்ஐடியில் இருந்த அபய் பூஷண் எழுதியது. (கான்பூர் ஐஐடியின் முதல் அணி மாணவர் என்பது பலருக்குத் தெரியாது.) ‘கோப்புப் பரிமாற்றம்’ வேரூன்றிவிட்டது, அதைத் தொட வேண்டாம். ஆனால் தடயக்கட்டு அனுப்புகிறவர் இடறும் இரண்டு இடங்களுக்கு நம்மிடம் நல்ல சொல் இல்லை.

முதலாவது, உதவிக்குழுவின் வழங்கியில் (சர்வர்) இருக்கும் ‘இன்கமிங்’ அடைவு. உள்ளே போடலாம், எடுக்க முடியாது, பட்டியலும் தெரியாது. காரணம் இருக்கிறது. ஒரு வாடிக்கையாளரின் பதிகையை இன்னொருவர் பார்க்கக் கூடாது. யாரும் போடலாம் யாரும் எடுக்கலாம் என்று திறந்துவைத்த வழங்கிகள் திருட்டு மென்பொருள் கிடங்குகளாக மாறிய கதையும் உண்டு. தெரியாதவர்கள் கோப்பைப் போட்டுவிட்டுப் பட்டியல் கேட்பார்கள், வெறுமையாக வரும், போகவில்லை போலிருக்கிறது என்று மறுபடி போடுவார்கள். அதே பெயரில் மறுபடி எழுத வழங்கி விடாவிட்டால் பிழைச்செய்தி வேறு. இதற்கு ‘உள்வரு அடைவு’ என்று ஒரு கலைச்சொல் கோவையில் பார்த்தேன், ஒன்றும் விளங்கவில்லை. ‘உண்டியல் அடைவு’ என்று சொல்லிப் பாருங்கள், விளக்கக் குறிப்பே வேண்டாம். இலங்கை நண்பர்களுக்கு உண்டியல் என்றால் வங்கிக்கு வெளியே பணம் அனுப்பும் வழியும் நினைவுக்கு வரும். அடைவு என்ற சொல் பக்கத்தில் இருப்பதால் குழப்பம் வராது என்றே நினைக்கிறேன். வரும் என்றால் சொல்லுங்கள்.

இரண்டாவது, ‘பைனரி மோட்’. நம் பட்டியலில் ‘இரும முறை’. எதிர்ப்பக்கம் ‘ஆஸ்கி’, அதாவது உரை முறை. உரை முறையில் அனுப்பினால் வரிமுடிவுக் குறிகளைப் போகிற இடத்துக்கு ஏற்ப மாற்றிவிடும். விண்டோஸில் ஒரு வரி இரண்டு பைட்டில் முடிகிறது, யூனிக்ஸில் ஒரு பைட்டில். எழுத்துக் கோப்புக்கு அது உதவி. சுருக்கிய கட்டுக்கோ நஞ்சு: வரிமுடிவு போலத் தெரியும் பைட்டையெல்லாம் மாற்றிவிட, அங்கே போய்ச் சேர்ந்ததைப் பிரிக்கவே முடியாது. விண்டோஸின் பழைய எஃப்டிபி கட்டளை உரை முறையில்தான் தொடங்கும், கோப்பை அனுப்பும் ‘புட்’ கட்டளையைக் கொடுக்குமுன், இரும முறைக்கு மாற்றும் ‘பின்’ கட்டளையைக் கொடுக்க வேண்டும். ஆனால் ‘இருமம்’ என்ற சொல் பயனருக்கு எதையும் சொல்வதில்லை, எழுத்துக் கோப்பும் அடியில் இருமம்தானே. 1985இன் நெறிமுறை ஆவணமே இதை ‘இமேஜ்’ வகை என்றுதான் குறிக்கிறது, இருப்பதை இருந்தபடி படியெடுப்பது என்ற பொருளில். ஆகவே ‘உள்ளபடி முறை’. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

> எஃப்டிபியே செத்துக்கொண்டிருக்கிறது, இதற்கு இவ்வளவு பாடா?

உலாவிகளில் செத்தேவிட்டது. ஃபயர்ஃபாக்ஸ் 90, குரோம் 95, இரண்டும் 2021இல் கைவிட்டன. கடவுச்சொல்லை மறைக்காமல் அனுப்பும் நெறிமுறைக்கு அது தகும். இப்போது எல்லாவற்றையும் மறையாக்கி அனுப்பும் எஸ்எஃப்டிபி அல்லது வலைப்பக்கம் வழியாக ஏற்றச் சொல்கிறார்கள். ‘உள்ளபடி முறை’ பழைய கையேடுகளுக்கு மட்டும் தேவைப்படலாம். தடயக்கட்டும் உண்டியலும் எந்த நெறிமுறைக்கும் பொருந்தும், அதனால்தான் இரண்டிலும் ‘பரிமாற்றம்’ ஒட்டவில்லை.

மற்றவை சுருக்கமாக. ‘கேஸ் ஐடி’க்குப் புகார் எண் போதும். ஐபிஎம் கோப்புப் பெயரின் தொடக்கத்திலேயே அதைச் சேர்க்கச் சொல்கிறது, அதை வைத்துத்தான் கோப்பு உரிய புகாரோடு இணைகிறது. ‘செக்சம்’ சரிபார்ப்புத் தொகையாகவே இருக்கட்டும். அனுப்புமுன் ஐபி முகவரி, கணினிப் பெயர்களை மறைக்கும் ‘கிளீன்’ வசதியைத் ‘துப்புரவு’ என்று யாரோ பெயர்த்திருக்கிறார்கள். அது தடயத்தையே அழிப்பது போல ஒலிக்கிறது, ‘அடையாள மறைப்பு’ என்று மாற்றுகிறேன்.

மறுப்பு இருந்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதுங்கள். ‘தடயக்கட்டை அனுப்புக’ பொத்தானில் அடங்குகிறதா என்று கைப்பேசித் திரையில் யாராவது பார்த்துச் சொன்னால் நல்லது. என் கணினியில் கடைசி இரண்டு எழுத்துகள் வெட்டுப்படுகின்றன.