பழைய இன்டர்ஃபேஸை ப்ரீஆம்ப்பா மாத்துறது

கவின்: மாமா, எட்டு மைக் போடுற பழைய ஆடியோ இன்டர்ஃபேஸ், அதான் மைக் சத்தத்தைக் கம்ப்யூட்டருக்கு அனுப்புற பெட்டி, சும்மா கிடக்கு. கம்ப்யூட்டர்ல மாட்டாம, மைக் சிக்னலைப் பெருக்குற வெறும் ப்ரீஆம்ப்பா புது இன்டர்ஃபேஸோட சேர்க்க முடியுமா? டிரம்ஸுக்கு சேனல் பத்தல.

சேகர் மாமா: தாராளமா. பழையதுல ஆப்டிகல் அவுட், புதுசுல ஆப்டிகல் இன் இருக்கா பாரு. சதுரமா, குட்டிக் கதவு வச்ச ஓட்டை.

கவின்: இருக்கு. ரெண்டுலயும் ஏடாட்னு போட்டிருக்கு.

சேகர் மாமா: ஏடாட்னா வெளிச்சம் வழியா நிறைய சேனலை ஒண்ணா அனுப்புற முறை. அப்ப ஒரே கேபிள்ல எட்டு சேனலும் 24 பிட்ல வந்துடும். சாம்பிள் ரேட், அதாவது சத்தத்தை நொடிக்கு எத்தனை தடவை அளக்குதுங்கிறது, 44.1, 48 கிலோஹெர்ட்ஸா இருந்தா மட்டும்டா. 96 வச்சா நாலுதான். டிரம்ஸுக்கு 48 தாராளம்.

நித்யா: கவின், முதல்ல பழையதை ஒரு தடவை யூஎஸ்பில மாட்டி அதோட கன்ட்ரோல் சாஃப்ட்வேரைத் திற. சாம்பிள் ரேட் 48, கிளாக் (அந்த வேகத்துக்குத் தாளம் போடுற கடிகாரம்) இன்டர்னல். ரூட்டிங்ல அனலாக் இன் 1–8 நேரா ஏடாட் அவுட் 1–8க்குப் போகணும். நிறைய பெட்டில அந்த இடத்துல கம்ப்யூட்டர் ப்ளேபேக்தான் இருக்கும், அப்படியே விட்டா மைக் சத்தமே வராது. ஆப்டிகல் போர்ட் எஸ்பிடிஐஎஃப்ல (அதே ஓட்டைல போற வேற முறை) இருந்தா ஏடாட்டுக்கு மாத்து.

நித்யா: சேவ் பண்ணிட்டு யூஎஸ்பியைக் கழட்டி, ஆஃப் பண்ணி ஆன் பண்ணிப் பாரு. செட்டிங்கை மறந்துட்டா அந்தப் பெட்டி இதுக்கு ஆகாது. கெயின் திருகுற குமிழ் இல்லாம சாஃப்ட்வேர்லயே மாத்துற மாடலும் கஷ்டம்தான்.

சேகர் மாமா: இப்ப முக்கியமானது. புதுசுல கிளாக் சோர்ஸை ஏடாட்னு வை. ரெண்டும் இன்டர்னல்ல இருந்தா முதல்ல நல்லாத்தான் கேக்கும். கொஞ்ச நேரத்துல டிக், டிக்னு விழும். ரெண்டு கிரிஸ்டலும் ஒரே வேகத்துல ஓடாது, அங்கங்க ஒரு சாம்பிள் நழுவும். பதிவான டிக்கை அப்புறம் எடுக்கிறது பெரிய பாடு. புதுசோட கிளாக்தான் மாஸ்டரா இருக்கணும்னா இன்னொரு ஆப்டிகல் கேபிள் எதிர்ப்பக்கமா போடணும், இல்லன்னா கிளாக்கை மட்டும் தனியா அனுப்புற வேர்டு கிளாக்குக்கு 75 ஓம் பிஎன்சி கேபிள்.

கவின்: கிளாக் சேர்ந்துடுச்சுன்னு காட்டுற லாக் லைட் மினுக்கிட்டே இருக்கு மாமா.

நித்யா: கேபிளைக் கழட்டிப் பாரு. பழையது பக்கம் மாட்டின நிலையில மறுமுனைல சிவப்பு வெளிச்சம் தெரியணும். முனைல கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக் மூடி ஒட்டிட்டு இருக்கும், ரெண்டு பக்கமும்.

கவின்: ஒரு பக்கம் மூடி இருந்துச்சுக்கா! எடுத்துட்டேன், லாக் ஆயிடுச்சு.

விஜி சித்தி: அண்ணா, என்கிட்ட இருக்கிறதுல ஆப்டிகலே இல்லையே. நாலு லைன் அவுட்தான்.

சேகர் மாமா: நாலு அவுட்னா நாலு சேனல்தான் விஜி. மிக்ஸர்ல இன் 1 அவுட் 1க்கு மட்டும், 2 ரெண்டுக்குன்னு தனித்தனியா அனுப்பு. வெறும் டைரக்ட் மானிட்டர் பட்டன்னா எல்லாம் கலந்து போயிடும். பேலன்ஸ்டு டிஆர்எஸ் (முனைல மூணு தொடுபகுதி இருக்கிற ஜாக்) கேபிள், எதிர்ப்பக்கம் லைன் இன்புட். மைக் இன்புட்ல போட்டா ப்ரீஆம்ப் மேல ப்ரீஆம்ப், இரைச்சல் ஏறும்.

நித்யா: மானிட்டர் குமிழ் அவுட் 1, 2 அளவையும் குறைக்குதான்னு பாத்துக்கோங்க சித்தி. குறைச்சா அதை ஃபுல்லா வச்சிட்டுத் தொடாதீங்க. யூஎஸ்பி கரண்ட்ல ஓடுற பெட்டின்னா 5 வோல்ட் சார்ஜர்ல மாட்டிப் பாருங்க, சிலது கம்ப்யூட்டர் இல்லாம எழுந்திருக்காது.

கவின்: கெயின் எவ்வளவு வைக்கலாம்?

சேகர் மாமா: பழைய பெட்டிலதான் திருகணும், கண்டென்சர் மைக்குக்குக் கரண்ட் குடுக்கிற 48 வோல்ட் சுவிட்சும் அங்கதான். ஓங்கி அடிக்கச் சொல்லி, மீட்டர்ல பீக் -12 டெசிபலை ஒட்டி நிக்கிற மாதிரி வை. டிரம்ஸுக்கு மேல வைக்கிற ஓவர்ஹெட் மைக் ரெண்டும் ஒரே பெட்டில போகணும், அதைப் பிரிக்காத.

கவின்: ஏன் மாமா?

நித்யா: ரெண்டு பெட்டியோட கன்வெர்ட்டர் (சத்தத்தை எண்ணா மாத்துற பகுதி) தாமதமும் ஒண்ணா இருக்காது. 48ல பத்து சாம்பிள்னா காத்துல 7 சென்டிமீட்டர் தள்ளி மைக் வச்ச மாதிரி. ஸ்டீரியோ கோணிப் போகும். பெட்டிக்கு ஒரு மைக்கா ரெண்டை ஒட்டி வச்சு, குச்சியால ஒரு தட்டு தட்டி, அலையை ஜூம் பண்ணி எண்ணு.

கவின்: 14 சாம்பிள் லேட், ஏடாட் பக்கம்.

சேகர் மாமா: பதிவு முடிஞ்சதும் அந்த எட்டு ட்ராக்கையும் 14 சாம்பிள் சீக்கிரம் வர்ற மாதிரி இடப்பக்கமா தள்ளிடு. சாம்பிள் ரேட் மாத்தினா மறுபடி அளந்துக்கோ. பழையதை ஆஃப் பண்ணிட்டுத் தனியா வேலை பாக்கும்போது கிளாக்கை இன்டர்னலுக்குத் திருப்பிடுடா.