சூப்பர் ஹீரோ பிறந்தநாள் கொண்டாடியவர்கள் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

திருச்சி அம்மா:

நாலு வயதுப் பிள்ளைக்கு சூப்பர் ஹீரோ பிறந்தநாள் என்றதும் எல்லோரும் கேட்டது, "ஸ்பைடர்மேன் வேஷம் போட யாரைக் கூப்பிடுறீங்க?" என்பதுதான். நாங்கள் யாரையும் கூப்பிடவில்லை. வந்த பிள்ளைகளையே ஹீரோ ஆக்கிவிட்டோம். இந்த வயதுக்கு அதுதான் பொருத்தம் என்று உறுதியாக நம்புகிறேன். அடுத்துச் செய்யப் போகிறவர்களுக்கு உதவும் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

என் மகன் இன்னும் ஒரு ஸ்பைடர்மேன் படத்தைக்கூட முழுதாகப் பார்த்ததில்லை. டிபன் பாக்ஸிலும் பனியனிலும் செருப்பிலும் இருக்கிற படங்களை வைத்தே தானாக ஒரு கதை கட்டி வைத்திருக்கிறான். அவன் கதையில் எதிரியே கிடையாது. அவனுடைய ஸ்பைடர்மேன் மரத்தில் மாட்டிக்கொண்ட பூனையை இறக்குவான், பாட்டிக்கு மாத்திரை டப்பா எடுத்துக் கொடுப்பான். அந்த ஸ்பைடர்மேனையே விழாவுக்கும் வைத்துக்கொள்ளலாம் என்று முதலிலேயே முடிவு செய்தோம். மற்றதெல்லாம் அதிலிருந்து சுலபமாக அமைந்தது.

இடம், எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் தரைத்தளம். கார்களை ஒரு மாலைக்கு வெளியே நிறுத்திக்கொள்ளச் சொல்லிக் கேட்டோம், எல்லோரும் ஒத்துழைத்தார்கள். மொட்டை மாடியில் காற்றோட்டமாக இருக்கும் என்று என் தம்பி சொன்னான். என் கணவர் ஒரேயடியாக மறுத்துவிட்டார். முதுகில் ஒரு துணி தொங்கினாலே பறக்க முடியும் என்று நம்புகிற வயது இது. அந்தத் துணியோடு உயரமான இடத்தில் பிள்ளைகளை விடவே கூடாது. ஊஞ்சல், சறுக்கு மரம் இருக்கிற பூங்காவில் வைப்பவர்களும் அந்தப் பக்கம் போகும் முன் முதுகில் தொங்கும் அந்தக் கேப்பைக் கழற்றிவிடுங்கள், எங்காவது மாட்டி இழுத்துவிடும்.

கேப் நாங்களே தைத்தோம். பெரிய கடை வீதியில் சிவப்பு, நீலம், பச்சை, மஞ்சள் என்று சாட்டின் துணி வாங்கினேன். கழுத்தில் கட்ட நாடா வைக்கவில்லை, வெல்க்ரோ வைத்தோம். யாராவது பின்னாலிருந்து பிடித்து இழுத்தால் நாடா கழுத்தை இறுக்கும், வெல்க்ரோ பட்டென்று பிரிந்து வந்துவிடும். சூப்பர்மேன் மார்பில் எழுத்து இருக்கிற மாதிரி, ஒவ்வொரு கேப்பிலும் அந்தந்தப் பிள்ளையின் பெயரின் முதல் எழுத்தைத் தமிழில் வெட்டி ஒட்டினோம். க, மு, யா, நி. நர்சரிப் பிள்ளைகளுக்குத் தன் எழுத்து மட்டும் நன்றாகத் தெரியும். உள்ளே நுழைந்ததும் கொடியில் தொங்கியவற்றில் தன் எழுத்தைத் தேடி எடுத்ததுதான் அவர்களுடைய முதல் சாகசம். அந்தக் கேப்பே ரிட்டர்ன் கிஃப்ட், தனியாக எதுவும் கொடுக்கவில்லை.

முகமூடி கண்ணை மட்டும் மறைக்கிற சின்னதாக வெட்டி ஒரு கூடையில் வைத்தோம். வேண்டியவர்கள் போட்டுக்கொண்டார்கள். பாதிப் பேர் தொடவே இல்லை, யாரும் வற்புறுத்தவும் இல்லை.

விளையாட்டுகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். இரண்டு தூண்களுக்கு நடுவே சிவப்பு உல்லன் நூலைக் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டி, நடுவே பொம்மை நாய்க்குட்டி, யானை, குரங்கு எல்லாவற்றையும் மாட்டி வைத்தோம். நூலை அறுக்காமல் உள்ளே புகுந்து ஆளுக்கு ஒன்றைக் காப்பாற்றி வர வேண்டும். இதிலேயே அரை மணி நேரம் போய்விட்டது. காப்பாற்றிய பொம்மையை மறுபடி மாட்டிவிட்டு மறுபடியும் காப்பாற்றினார்கள்! அப்புறம் காலி அட்டைப்பெட்டிகளை அடுக்கி, பச்சை நிற ராட்சத ஹீரோ ஹல்க் மாதிரி உறுமிக்கொண்டே இடித்துத் தள்ளுவது. அடிக்க, உதைக்க ஆசை வருகிற பிள்ளைகளுக்கு இது நல்ல வடிகால். ஆனால் வில்லன் வேடம் மட்டும் எந்தக் குழந்தைக்கும் கொடுக்காதீர்கள். ஒரு பிள்ளை வில்லன் என்றால் மற்ற எல்லோரும் சேர்ந்து அந்த ஒரு பிள்ளையை அடிப்பார்கள். அவர்களைப் பொறுத்தவரை அது விளையாட்டு இல்லை, கடமை.

கடைசிச் சாகசத்துக்கு, கேக் துண்டை ஒரு தட்டில் வைத்து, கீழே போடாமல் வாசலில் இருக்கிற வாட்ச்மேன் தாத்தாவிடம் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். ஒருவர் தட்டைப் பிடிக்க, மற்றவர்கள் இரண்டு பக்கமும் காவல். தாத்தா எழுந்து நின்று ஒரு சல்யூட் அடித்தார். நாங்கள் சொல்லிக் கொடுத்தது இல்லை, அவராகவே செய்தது. அந்தச் சல்யூட்டுக்காக இரண்டாவது தட்டும் உடனே கிளம்பியது.

பிள்ளைகள் வேஷத்துக்குள் போனதும் எப்படி மாறுகிறார்கள் என்று அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தேன். இதற்கு ஆய்வும் உண்டு. 2017இல் அமெரிக்க உளவியலாளர்கள் நாலு வயது, ஆறு வயதுப் பிள்ளைகளுக்குப் பத்து நிமிடத்துக்கு ஒரு சலிப்பான வேலையைக் கொடுத்தார்கள். நடுவில் எப்போது வேண்டுமானாலும் எழுந்து போய் டேப்லெட்டில் கேம் ஆடலாம் என்றும் சொல்லிவிட்டார்கள். சாதாரணமாக உட்கார்ந்த பிள்ளைகளைவிட, பேட்மேன் மாதிரி தனக்குப் பிடித்த ஒரு பாத்திரமாகத் தன்னை நினைத்துக்கொண்டு, அந்த உடுப்பில் ஒன்றைப் போட்டுக்கொண்ட பிள்ளைகள் அதிக நேரம் வேலையில் நின்றார்கள். இதற்கு 'பேட்மேன் விளைவு' என்றே பெயர். எங்கள் வீட்டிலும் விழா முடிந்ததும் சிதறிக் கிடந்த அட்டைகளை "ஹீரோக்களே, ஊரைச் சுத்தம் பண்ணணும்" என்றவுடன் எல்லாப் பிள்ளைகளும் அள்ளினார்கள். மற்ற நாளில் கெஞ்சினாலும் என் மகன் ஒரு பென்சிலைக்கூட எடுத்து வைக்க மாட்டான்.

சாப்பாட்டில் மாமியார் கலக்கிவிட்டார். இடியாப்பம்தான் சிலந்தி வலை, தேங்காய்ப்பாலோடு. புதினா சாதத்துக்கு 'ஹல்க் சாதம்' என்று பெயர் வைத்தார். பச்சையாக எதைப் பார்த்தாலும் முகத்தைத் திருப்புகிற பிள்ளைகள் இரண்டாவது முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்கள். கடைசியில் கேப்போடு வரிசையாக உட்கார வைத்து எல்லோருக்கும் சேர்த்து திருஷ்டி சுற்றிப் போட்டார்.

நாலரைக்கு ஆரம்பித்து ஆறு மணிக்கு முடித்துவிட்டோம். இந்த வயதில் அதற்கு மேல் நீட்டினால் அழுகைதான்.

நெல்லை அப்பா:

அக்கா, வேஷம் போட்ட ஆள் விஷயத்தில் நீங்கள் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. என் மகளின் மூன்றாவது பிறந்தநாளுக்கு என் மச்சினன் ஆசையாக ஒரு ஸ்பைடர்மேனை ஏற்பாடு செய்திருந்தான். கதவு திறந்ததும் ஆறடி உயரத்தில், முகமே இல்லாமல், வெள்ளைக் கண்ணோடு ஓர் உருவம். என் மகள் என் தோளில் ஏறிக் கழுத்தைக் கட்டிக்கொண்டு அலறினாள். அவளைப் பார்த்து இன்னும் நாலு பிள்ளைகள் அலறினார்கள்.

அந்தத் தம்பி கல்லூரியில் படிக்கிற பையன், ரொம்ப நல்ல பிள்ளை. உடனே தரையில் உட்கார்ந்து முகமூடியைக் கழற்றினான். வியர்த்துக் கொட்டிய முகத்தோடு, "பாப்பா, நான் மாமாதான், பாரு" என்று சிரித்தான். அவளும் சமாதானமாகி இறங்கினாள். மறுபடி அவள் கண்முன்னாலேயே முகமூடியைப் போட்டான். அவள் என்னிடம் ஓடி வந்து காதில் கேட்டாள்: "அப்பா, மாமாவை ஸ்பைடர்மேன் முழுங்கிட்டானா?"

1969இல் ரீட்டா டி விரீஸ் என்ற ஆய்வாளர் மூன்று முதல் ஆறு வயதுப் பிள்ளைகளிடம் ஒரு சோதனை செய்திருக்கிறார். மேனார்ட் என்ற சாதுவான பூனையைத் தொட்டுத் தடவ விடுவார். பிறகு அதன் முகத்தில் நாய் முகமூடியை மாட்டிவிட்டு, இது என்ன என்று கேட்பார். மூன்று வயதுப் பிள்ளைகள் பெரும்பாலும் அது நாயாகவே மாறிவிட்டது என்று நினைத்தார்கள். ஆறு வயதுப் பிள்ளைகளுக்கு அது பூனைதான் என்று தெரிந்தது. என் மகளின் கேள்விக்கு அதில்தான் எனக்கு விளக்கம் கிடைத்தது. அவள் பயந்தாங்கொள்ளி இல்லை, அவளுக்கு உண்மையிலேயே மாமா காணாமல் போய்விட்டார்.

பிறகு அந்தத் தம்பி முகமூடியைத் தூக்கி வைத்துவிட்டு, சிவப்புச் சட்டை மட்டும் போட்ட மாமாவாகவே இருந்தான். பிள்ளைகளோடு சேர்ந்து நாற்காலிகளுக்கு அடியில் தவழ்ந்து விளையாடினான். கூப்பிட்டே ஆக வேண்டும் என்றால் முகம் தெரிகிற ஹீரோவைக் கேளுங்கள். சூப்பர்மேனுக்கும் வொண்டர் உமனுக்கும் முகமூடியே கிடையாது.

கோவை நர்ஸ்:

மூன்று விஷயம் மட்டும் சொல்கிறேன், வேலை முடிந்து வந்த களைப்பில் எழுதுகிறேன்.

கேக் வெட்டும்போது மேலே அடிக்கிற நுரை ஸ்ப்ரே வேண்டாம். அந்த டப்பாவுக்குள் நுரையைத் தள்ளுகிற வாயு பெரும்பாலும் தீப்பற்றக் கூடியது. என் அக்கா மகன் மெழுகுவர்த்தியை ஊதக் குனிந்தபோது யாரோ உற்சாகத்தில் அடித்தார்கள், குப்பென்று பிடித்து முன்பக்க முடி கருகிவிட்டது. என் அக்கா கையில் இருந்த துண்டால் அமுக்கி அணைத்தாள். முகம் தப்பியது கடவுள் செயல்.

வாயு நிரப்பிய பலூனில் ஹீலியத்துக்குப் பதில் ஹைட்ரஜன் இருக்கக்கூடும், பார்த்தால் வித்தியாசம் தெரியாது. 2020இல் சென்னை பாடியில் ஒரு கட்சி நிகழ்ச்சியில் பட்டாசுப் பொறி பட்டுப் பலூன் கொத்து அப்படியே தீப்பிடித்ததைப் பலரும் வீடியோவில் பார்த்திருப்பீர்கள். வாயால் அல்லது பம்பால் ஊதிய பலூனே போதும்.

உடைந்த பலூன் துண்டுகளை உடனே பொறுக்கிவிடுங்கள். எட்டு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகள் அதை வாயில் வைத்து, மூச்சுக்குழலில் ஒட்டிக்கொண்டால் வெளியே எடுப்பது ரொம்பக் கஷ்டம்.

விருதுநகர் தாத்தா:

எங்கள் காலத்து ஹீரோவையும் ஒருவர் சொல்ல வேண்டுமே. 1972இல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் வரத் தொடங்கியபோது முதல் இதழே இரும்புக்கை மாயாவிதான். மின்சாரம் பாய்ந்தால் அவன் உடம்பு மறைந்துவிடும், இரும்புக் கை மட்டும் தெரியும். வாடகைக்கு வாங்கிப் படித்துவிட்டு வீட்டில் ஒளித்து வைப்போம்.

பேரனின் ஐந்தாவது பிறந்தநாளுக்கு எல்லாப் பிள்ளைகளும் வெளிநாட்டு ஹீரோ உடுப்பில் வந்திருந்தார்கள். விளையாடிக் களைத்ததும் அவர்களைச் சுற்றி உட்கார வைத்து மாயாவி கதை சொன்னேன். ஒரு கையில் அலுமினியத் தாளைச் சுற்றிக்கொண்டு, கறுப்புப் போர்வைக்குள் ஒளிந்து கையை மட்டும் வெளியே நீட்டினேன். அத்தனை பிள்ளைகளும் அந்தக் கையைப் பிடித்துக் குலுக்க வரிசையில் நின்றார்கள். மின்சாரம் என்ற பகுதியை மட்டும் விட்டுவிட்டு, நெஞ்சில் ஒரு பொத்தானை அமுக்கினால் மறைந்துவிடுவான் என்று மாற்றிச் சொன்னேன். பிளக் துவாரத்தில் விரலை விடுகிற வயதுப் பிள்ளைகளிடம் மூலக்கதையை அப்படியே சொல்லக் கூடாது அல்லவா? என் மகனுக்கு அவன் சிறுவயதில், 1997இல் தூர்தர்ஷனில் வந்த சக்திமான்தான் எல்லாம். அவனும் அன்றைக்கு ஒரு கையைத் தூக்கிச் சுழன்று காட்டினான். மூன்று தலைமுறை ஹீரோக்களும் ஒரே கூடத்தில் இருந்தார்கள்.

ஓசூர் அம்மா:

திருச்சி அக்கா, அடுத்த மாதம் என் மகளுக்கு நாலு வயது. ஸ்பைடர்மேன்தான் வேண்டும் என்கிறாள். கடையில் பெண் பிள்ளைகளுக்கு அந்த உடுப்பே கிடைக்கவில்லை. கேப் ஒன்றுக்குத் துணி எவ்வளவு வேண்டும்? எனக்குத் தையல் சுமாராகத்தான் வரும்.

திருச்சி அம்மா:

தாராளமாகச் செய்யலாம்மா. சாட்டின் 44 அங்குல அகலத்தில் வரும். ஒரு மீட்டரை நீளத்தில் பாதி, அகலத்தில் பாதி என்று வெட்டினால் நாலு கேப். ஒவ்வொன்றும் 22 அங்குல நீளம் இருக்கும், நாலு வயதுப் பிள்ளைக்கு முழங்காலுக்கு மேலேயே நின்றுவிடும், தடுக்காது. சாட்டின் ஓரம் நூல் நூலாகப் பிரியும், அதனால் சேலைக்குப் பீக்கோ அடிக்கிற கடையில் கொடுத்து ஓரம் மட்டும் அடித்து வாங்கிக்கொள். வெல்க்ரோவின் சொரசொரப்பான பக்கம் வெளிப்பக்கம் பார்த்து இருக்க வேண்டும், இல்லையென்றால் கழுத்தில் உரசும். உடுப்பு கிடைக்காததற்குக் கவலைப்படாதே. ஒரு சிவப்புப் பனியனில் கறுப்புத் துணிப் பெயிண்டால் வலை வரைந்தால் போதும். நெஞ்சில் சிலந்தியை மட்டும் அவளையே வரையச் சொல்.