பாப்-அப் கேம்பரில் கேபிள் டிவி இணைப்பு: வெள்ளிக்கிழமைக்குள் உதவி தேவை

புதுவண்டிக்காரன்: அனைவருக்கும் வணக்கம். அண்மையில் பழைய பாப்-அப் கேம்பர் ஒன்றை, அதாவது கூரையை உயர்த்திக் கூடாரமாக விரிக்கும் முகாம் வண்டியை, வாங்கினோம். ஊரிலிருந்து வந்திருக்கும் மாமனார், மாமியாரை அழைத்துக்கொண்டு வெள்ளிக்கிழமை மாலை முகாம் திடலுக்குப் புறப்படுகிறோம். கட்டிய பணம் திரும்பக் கிடைக்காது. அங்கே ஒவ்வோர் இடத்திலும் கேபிள் இணைப்பு உண்டாம். ஆனால் எங்கள் வண்டிக்குள் கேபிள் நுழைய வழியே இல்லை. பக்கச்சுவரில் துளையிடலாமா, அல்லது கூடாரத் துணியைச் சற்றே கிழித்து உள்ளே விடலாமா? டிரில்லிங் மெஷினை இரவல் வாங்கி வைத்துவிட்டேன். மழை பிடித்துக்கொண்டால் மாமாவுக்கு எப்படிப் பொழுது போகும் என்ற கவலையில் தூக்கமே வரவில்லை.

ஸ்கார்பரோ அக்கா: தம்பி, காட்டுக்குள் போய்த் தொலைக்காட்சி எதற்கு? நாங்கள் வந்த முதல் குளிர்காலத்தில் நிலக்கீழறை வீட்டில் மெத்தைகூட இல்லாமல், இரண்டு போர்வைகளை விரித்துப் படுத்தோம். மாமாவுக்கு ஒரு சீட்டுக்கட்டு வாங்கிக் கொடுங்கள். மேலும், திடலின் கேபிளில் உள்ளூர்ச் செய்தியும் விளையாட்டும் வருமே தவிர, மாமி பார்க்கும் தமிழ்த் தொடர்கள் வரா.

டாலஸ்வாசி: துணியைத் தொடவே தொடாதீர்கள். அலுமினியத் தகட்டில் துளையிட்டு, மூடியுள்ள இணைப்புப் பெட்டியைப் பொருத்தி, சுற்றிலும் சிலிக்கோன் பூசிவிட்டால் வேலை முடிந்தது.

பழைய கேம்பர் பிரியன்: முடியாது, அப்போதுதான் தொடங்கும். தகட்டின் பின்னால் இருப்பது மரச்சட்டம். சிலிக்கோன் நாளடைவில் தகட்டை விட்டு உரியும். நீர் இறங்கினால் மரம் உளுத்துப்போகும். துளையிட்ட வண்டியை விற்கும்போது எவரும் நல்ல விலை கேட்க மாட்டார்கள்.

சலித்தவன்: கேபிள் என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு எரிச்சல் வருகிறது. புதிதாக வந்தபோது கடன் வரலாறு இல்லை என்று வைப்புத்தொகை கேட்டார்கள். சலுகைக் காலம் முடிந்ததும் மாதக் கட்டணத்தைச் சொல்லாமலே ஏற்றினார்கள்.

ஸ்கார்பரோ அக்கா: எங்களிடமும் அப்படித்தான், தொலைபேசிக்கே வைப்புத்தொகை கேட்டார்கள்.

மின்பணியாளர்: கட்டணக் கதையை வேறோர் இழையில் பேசலாம், கேட்டவருக்கு வெள்ளிக்கிழமை நெருங்குகிறது. நண்பரே, எந்த நாட்டில் இருக்கிறீர்கள்? தொலைக்காட்சியை எங்கே வாங்கினீர்கள்? இவ்விரண்டும் தெரியாமல் துளையைப் பற்றிப் பேசுவதில் பயனில்லை.

புதுவண்டிக்காரன்: மன்னிக்கவும், மிச்சிகன். தொலைக்காட்சி சென்னையிலிருந்து கப்பலில் வந்த 32 அங்குலப் பெட்டி. அதற்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

மின்பணியாளர்: உண்டு, சிக்கலின் பாதி அங்கேதான் இருக்கிறது. இந்தியாவில் விற்கும் பெட்டியின் ட்யூனர், அதாவது சிக்னலைப் படமாக்கும் பகுதி, அங்குள்ள ஒளிபரப்பு முறைக்கு உரியது. அமெரிக்கக் கேபிளில் வரும் குவாம் என்ற டிஜிட்டல் முறையையோ ஆன்டெனாவில் வரும் ஏ.டி.எஸ்.சி. என்ற டிஜிட்டல் முறையையோ அது படிக்காது. கேபிளை எவ்வளவு ஒழுங்காக இழுத்தாலும் திரையில் ஒன்றும் தெரியாது. எனவே முதலில் திடல் அலுவலகத்தை அழைத்து, செட்-டாப் பாக்ஸ் இரவல் தருவார்களா என்று கேளுங்கள். 2012-இல் அடிப்படை அலைவரிசைகளையும் கேபிள் நிறுவனங்கள் குறியாக்கம் செய்து பூட்டிக்கொள்ள அமெரிக்கத் தகவல்தொடர்பு ஆணையமான எஃப்.சி.சி. அனுமதித்ததிலிருந்து, இங்கேயே வாங்கிய தொலைக்காட்சிக்கும் பல இடங்களில் அந்தப் பாக்ஸ் தேவைப்படுகிறது. பாக்ஸ் கிடைத்தால் எச்.டி.எம்.ஐ. வழியாக உங்கள் பெட்டியே போதும். ஆனால் அதன் பின்புறச் சீட்டில் 100-240 வோல்ட் என்று இருக்கிறதா என்று பாருங்கள், 220 மட்டும் என்றிருந்தால் இங்குள்ள 120 வோல்ட்டில் செருக வேண்டாம்.

இந்தப் பயணத்துக்குத் துளையே வேண்டாம். மின்கம்பி வெளியே வரும் சிறு கதவு உங்கள் வண்டியிலும் இருக்கும். வெளிப்புறப் பயன்பாட்டுக்கான ஆர்.ஜி.-6 வகைத் தொலைக்காட்சிக் கேபிளை அதன் வழியாகவே உள்ளே விடுங்கள். அதைவிட மெல்லிய பழைய ஆர்.ஜி.-59 வகை கிடந்தாலும் எடுக்காதீர்கள், அது சிக்னலை அதிகம் இழக்கும். கேபிள் கதவுக்குக் கீழே சற்றுத் தொங்கிவிட்டு மேலேறி நுழைந்தால், மழைநீர் தொங்கும் இடத்திலேயே சொட்டிவிடும். மின்கம்பியோடு சேர்த்துக் கட்டாமல் விலக்கி வையுங்கள். எதையும் உள்ளே இழுக்குமுன் திடலின் கம்பத்தருகிலேயே பாக்ஸையும் தொலைக்காட்சியையும் நேரடியாக இணைத்துப் பாருங்கள். அங்கே படம் வராவிட்டால் குற்றம் உங்கள் வண்டியில் இல்லை.

பின்னர் நிரந்தரமாகச் செய்வதானால் இருவர் சொன்னதிலும் பாதி சரி. துளை கீழ்ப்பெட்டியில்தான் இருக்க வேண்டும். கூரை ஏறி இறங்கும் வண்டியில் மேலே இழுத்த கம்பி என்றாவது ஒருநாள் நசுங்கும். உள்ளே எரிவாயுக் குழாய், 120 வோல்ட் கம்பி, சக்கர வளைவு எங்கே ஓடுகின்றன என்று பார்த்தபின், உள்ளிருந்து சிறு துளையிட்டு வெளியே வாருங்கள். தகட்டின் விளிம்பு கேபிளை அறுக்காதபடி ரப்பர் வளையம் போடுங்கள். இணைப்புப் பெட்டிக்கும் தகட்டுக்கும் இடையே சிலிக்கோனுக்குப் பதில் பியூட்டைல் என்னும் ஒட்டும் ரப்பர் நாடாவை வையுங்கள்.

புதுவண்டிக்காரன்: அலுவலகத்தை அழைத்தேன். வைப்புத்தொகைக்குப் பாக்ஸ் தருகிறார்களாம், கம்பம் வண்டி நிற்குமிடத்திலிருந்து ஏறத்தாழ 20 அடி. தொலைக்காட்சிச் சீட்டில் 100-240 என்றே இருக்கிறது.

மின்பணியாளர்: அப்படியானால் 25 அடி போதாது, உள்ளே செல்லும் தூரமும் உண்டு, 50 அடியாக வாங்குங்கள். எச்.டி.எம்.ஐ. கேபிளை வீட்டிலிருந்தே எடுத்துச் செல்லுங்கள்.

சலித்தவன்: அங்கேயும் வைப்புத்தொகையா!