மறு: துப்பாக்கியின் சைடுலாக், பாக்ஸ்லாக் – தமிழில் என்ன சொல்லலாம்?

அன்புள்ள ஐயா,

> லாக் என்றால் பூட்டுதானே? பக்கப்பூட்டு, பெட்டிப்பூட்டு போதாதா?

துப்பாக்கியில் அது பூட்டு இல்லையே. விசையை இழுத்ததும் குதிரை எனப்படும் சுத்தி பாய்ந்து தோட்டாவை வெடிக்க வைக்கிறது. அந்தக் குதிரை, அதை உந்தும் வில் (ஸ்பிரிங்), பிடித்து வைக்கும் கொக்கி எல்லாம் சேர்ந்ததுதான் லாக். பூட்டு என்று எழுதினால், தவறிச் சுடாமல் தடுக்கும் சேஃப்டி கேட்ச் என்றுதான் படிப்பவர் நினைப்பார். உங்கள் கட்டுரையோ பழைய இங்கிலாந்து இரட்டைக்குழல் துப்பாக்கியைக் கையிலிருக்கும் பணத்துக்குள் வாங்குவது பற்றியது.

> அப்படியானால் பக்கத்தட்டு விசை?

விசை வேண்டாம், டிரிகருக்கு அது வழங்கிவிட்டது. பக்கத்தட்டிலும் ஒரு வில்லங்கம். சைடுலாக் போலத் தெரிய, பாக்ஸ்லாக் துப்பாக்கிக்கே இருபுறமும் வெறும் அலங்காரத் தட்டு பொருத்தி, பூவேலை செய்து விற்பதுண்டு. புதிதாக வாங்குபவர் ஏமாறும் இடமே அதுதான்; நாம் வைக்கும் பெயரும் அவரை ஏமாற்றலாமா? உறுப்புகள் எதில் ஏறியிருக்கின்றன என்பதைப் பெயர் சொல்ல வேண்டும். சைடுலாக்கில் அவை தட்டின் உட்புறத்தில் இருக்கும்; தட்டைக் கழற்றினால் கூடவே வரும். பர்மிங்ஹாம் வெஸ்ட்லி ரிச்சர்ட்ஸ் நிறுவனத்தின் ஆன்சனும் டீலியும் 1875இல் காப்புரிமை பெற்ற பாக்ஸ்லாக்கில், துப்பாக்கியின் எஃகு உடலையே குடைந்து உள்ளே வைத்தார்கள். உறுப்பும் குறைவு, கைவேலையும் குறைவு. பெரிய பெயரில்லாத பர்மிங்ஹாம் பாக்ஸ்லாக் இன்றும் ஏலத்தில் சில நூறு பவுண்டுக்குக் கிடைக்கிறது. லண்டன் சைடுலாக்கை அந்த விலைக்குக் கேட்டால் சிரிப்பார்கள்.

என் பரிந்துரை: சைடுலாக்குக்குத் தட்டுப்பொறி, பாக்ஸ்லாக்குக்கு உடற்பொறி. பொறி என்பது இயந்திரம், தீப்பொறி இரண்டுக்கும் பொருந்தும்; சக்கிமுக்கிக் கல் காலத்துத் துப்பாக்கியில் லாக்கின் வேலையே பொறி தட்டுவதுதான். குடைபொறி என்றும் யோசித்தேன், மழைதான் நினைவுக்கு வருகிறது. உட்பொறி சரிவராது, ஏனெனில் இரண்டிலும் உறுப்புகள் கண்ணுக்குத் தெரியாமல் உள்ளேதான் இருக்கின்றன.

> ஸ்லீவ்டு பேரலுக்கு மறுகுழல்?

மறுகுழலை முழுக்கப் புதுக்குழல் போட்டதற்கு வைத்துக்கொள்வோம். ஸ்லீவ்டு என்பது வேறு: தேய்ந்த குழலைத் தோட்டா அறைக்குச் சற்று முன்னால் வெட்டி, அடிப்பகுதியை மட்டும் வைத்துக்கொண்டு, அதில் புதுக்குழாய் பொருத்துவது. ஒட்டுமாங்கன்று போல ஒட்டுக்குழல் எனலாம். சுடுவதில் குறையில்லை, விலை மட்டும் நன்றாக இறங்கிவிடும், சேகரிப்பவர்கள் தொடமாட்டார்கள். பணம் குறைவாக உள்ளவர் முதலில் தேட வேண்டியது இதைத்தான் என்பேன். கட்டுரையில் இதற்குத் தனிப்பத்தி கொடுங்கள்.